நாலு கேள்வி, நாலு ‘இல்லை’

அத்தியாயம் 11

சென்ற வாரம் லீனாவைக் கொஞ்சம் அதிகமாகவே புகழ்ந்துவிட்டேன். பிச்சாட்டூர் மண்டலத்திலேயே அவளுடைய காசநோய்ப் பட்டியல்தான் சுத்தம், ஒரு கட்டம்கூடக் காலியில்லை, புதன்கிழமை திருப்பதியில் நடக்கிற கூட்டத்தில் அவளுக்குச் சான்றிதழ் தரப்போகிறார்கள் என்றெல்லாம் எழுதினேன். எழுதியதில் பொய் இல்லை. பட்டியல் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்தப் புகழில் பாதியை இந்த வாரம் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மீதிப் பாதிக்கு அவள் தகுதியானவளா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு நாலைந்து வரி. லீனா ஆந்திராவில் கிராமச் சச்சிவாலயம் என்கிற ஊர் அரசு அலுவலகத்தில் ஏ.என்.எம். ஊருக்கு நர்சம்மா. கணவன் இஸ்ரேலுக்குத் திருப்பதியில் வேலை, வாரம் ஒருமுறை வருவான். வீட்டில் மாமனார் சுந்தர்சிங், மாமியார் ஞானமணி, நான்கு வயது மகள் பிரித்திகா. சித்தூர் மிஷன் சபையைச் சேர்ந்த பழைய குடும்பம். மாமனார், ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏசி வேனில் ஏற்றிச் செல்கிறவர். மூன்று வாரமாக மாமனாருக்கும் மாமியாருக்கும் ஏதோ மனஸ்தாபம், தட்டும் டம்ளரும் தனித்தனியாகிவிட்டன என்று நானும் எழுதினேன். சமாதானம் செய்து வையுங்கள் என்று நீங்களும் கடிதம் போட்டீர்கள். எல்லோருமே ஏமாந்தோம்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. சச்சிவாலயத்து வாசலில் நின்று லீனா தன் போனுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். அப்படிக் காட்டினால்தான் வருகை பதிவாகும். வெளிச்சம் போதாது என்று போன் இரண்டு முறை அவளை விரட்டியது. மூன்றாவது முறை ‘ஆமாம், நீ லீனாதான்’ என்று ஒப்புக்கொண்ட அதே நிமிடத்தில் லோகேஸ்வரன் கூப்பிட்டார்.

லோகேஸ்வரன் காசநோய்ப் பிரிவின் மேற்பார்வையாளர். புத்தூரில் மேசை, ஐந்து மண்டலத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு பைக். தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பார், அல்லது மாற்றிச் செய்வார். சித்தூரிலிருந்து ஒரு கேஸ் இந்தப் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது என்றார். எஸ். சிங், ஆண், வயது ஐம்பத்தேழு. சித்தூர் விலாசம் கொடுத்து மாத்திரை வாங்கியிருக்கிறார். அங்கிருக்கிற பணியாளர் இரண்டு முறை போனில் விசாரித்தபோது வீட்டில் எல்லோரும் சுகம் என்று பதில் வந்ததாம். நேரில் போய்ப் பார்த்தால் அந்த ஆள் அங்கே குடியே இல்லை. பக்கத்து வீட்டுக்காரி, அவர் பிச்சாட்டூர்ப் பக்கம், ஸ்ரீசிட்டி வேலை என்று சொல்லியிருக்கிறாள்.

“பேரப் பாத்தா வடக்கத்தி ஆளு மாதிரி கீது. கூலிக்காரங்க தங்கற லேபர் ரூமுங்கள்ல தேடும்மா. ஈ ரோஜே, இன்னிக்கே முடிச்சிடு. புதன்கிழம உன் ஷீட்ல முடியாத கேஸுன்னு செவப்பு இருக்கக் கூடாது, சரேனா?”

பார்த்துவிடலாம் சார் என்றாள் லீனா. அவள் எதற்கும் முதலில் சொல்கிற பதில் அதுதான். பெரும்பாலும் பார்த்தும்விடுவாள்.

இந்த வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்தால், அவரோடு ஒரே காற்றைச் சுவாசித்தவர்கள் யார் யார் என்று தேடிப் பிடிக்க வேண்டும். வீடு தேடிப் போய், நாலு கேள்வி கேட்க வேண்டும். இருமல் இருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா, எடை குறைந்ததா, ராத்திரியில் வியர்க்கிறதா. ஒன்றுக்கு ‘ஆமாம்’ வந்தாலும் சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே என்று அவர்களைக் கையோடு கூட்டிக்கொண்டு அலைய வேண்டும். நாலும் ‘இல்லை’ என்றாலும் விட்டுவிடக் கூடாது, எக்ஸ்ரே எடுத்து உறுதி செய்துகொண்டு தடுப்பு மாத்திரை தொடங்க வேண்டும்.

விதி அது. லீனாவிடம் நாற்பத்தோரு குடும்பங்கள், மூன்று ஊர்கள், தடுப்பூசி நாள், கர்ப்பிணிகள் பட்டியல், மாதத்துக்கு இரண்டு சர்வே. பட்டியல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரும், திங்கட்கிழமை காலையில் நிரம்பியிருக்க வேண்டும் என்பார்கள். அதனால் அவளுக்கென்று ஒரு வழி உண்டாகிவிட்டது. ரேஷன் கார்டில் இருக்கிற பெயர்களைப் பட்டியலில் ஏற்றுவாள். சாயங்காலம் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து வரிசையாகப் போன் போடுவாள். நாலு ‘இல்லை’ கிடைத்ததும் கட்டத்தை மூடுவாள். நான் அவளுக்காக வாதாடத் தயார்தான். ஆனால் ஒரு கார்டில் பெயர் இருப்பதற்கும் ஒரே அறையில் மூச்சு விடுவதற்கும் சம்பந்தம் இல்லை என்பது அவளுக்கே தெரியும்.

அன்றும் பழக்கப்படி, லேபர் ரூம்களுக்குக் கிளம்புமுன், லோகேஸ்வரன் அனுப்பியிருந்த சிங்கின் எண்ணை அழுத்தினாள்.

திரையில் எண் வரவில்லை. ‘அத்தை’ என்று வந்தது. ஈஸ்டருக்கு எடுத்த போட்டோ, வெள்ளைப் புடவையில் ஞானமணி.

தவறாக அழுத்திவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தாள். பத்து இலக்கத்தையும் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அதற்குள் அந்தப் பக்கம் எடுத்து, சொல்லும்மா என்றாள் ஞானமணி. பாப்பா அங்கன்வாடிக்குப் போய்விட்டாளா என்று எதையோ கேட்டு லீனா போனை வைத்தாள்.

எஸ். சிங். சுந்தர்சிங்.

இரண்டு மாதமாக வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த இருமல் இப்போதுதான் அவள் காதில் விழுந்தது. ஏசிக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் சொன்னதும், இவள் ஒரு சிரப் வாங்கிக் கொடுத்ததும், சித்தூர் டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டதாக அவர் வந்து சொன்னதும் நினைவுக்கு வந்தன. ஊர் முழுக்க இருமலைத் தேடி அலைகிறவள், சொந்த வீட்டு இருமலை ஒரு பாட்டில் சிரப்போடு முடித்துவிட்டாள். பிரித்திகா காலையில் ஆறு மணிக்குத் தாத்தாவின் போர்வைக்குள் புகுந்து எட்டு மணி வரை தூங்குவாள். அது நினைவு வந்தபோது லீனா படியில் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு நிமிடம் உட்கார்ந்திருப்பாள். அதற்கு மேல் உட்கார்ந்திருக்க அவளுக்குத் தெரியாது. எழுந்து ஸ்கூட்டரை எடுத்தபோது வேறொன்றும் புத்தியில் தட்டியது. மாமனாரின் வேனில் பன்னிரண்டு பெண்கள். பிச்சாட்டூரிலிருந்து நாகலாபுரம், சத்தியவேடு வழியாக ஒன்றேகால் மணி நேரம், கண்ணாடி மூடிய வேன். திங்கட்கிழமை முதல் ஷிப்டு மாறுகிறது, இந்தப் பன்னிரண்டு பேரையும் கலைத்து வெவ்வேறு வேன்களில் போடப்போகிறார்கள் என்று அவரே நேற்று சொல்லியிருந்தார். அவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் நிற்கப்போவது இன்றைக்கு மட்டும்தான். பன்னிரண்டரை மணிக்கு, பெட்ரோல் பங்க் எதிரில்.

ஞானமணி அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். இந்நேரத்துக்கு மருமகளைப் பார்த்ததும் உடம்புக்கு என்ன என்று கேட்டாள். லீனா பையிலிருந்து படிவத்தை எடுத்தாள், பேனாவைத் திறந்தாள், ஊரார் வீட்டில் பேசுகிற குரலில் ஆரம்பித்தாள்.

“வீட்ல யாருக்காவது ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருக்குதா?”

“இல்ல.”

“காய்ச்சல்?”

“இல்ல.”

“எடை கொறஞ்சிருக்குதா?”

“இல்ல.”

“ராத்திரில வேர்க்குதா?”

“இல்ல.”

நாலு பதிலும் கேள்வி முடிவதற்குள் வந்து விழுந்தன. ஐந்தாவதாக ஒரு கேள்வி வரவில்லை என்றபோதுதான் ஞானமணிக்குத் தான் என்ன செய்தோம் என்பது உறைத்தது. அரிசிக்குள் இருந்த கை அப்படியே நின்றது.

சித்தூரிலிருந்து போனில் விசாரித்த பணியாளர் அம்மாவுக்கும் இதே வேகத்தில்தான் பதில் சொன்னீர்களா என்று லீனா கேட்டாள். ஞானமணி மறுக்கவில்லை. அழவும் இல்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது.

“கத்துக் குடுத்ததே நீதானே. தெனம் சாயங்காலம் படில உக்காந்துக்கினு நீ பேசறத நான் கேட்டுக்கினுதானே இருக்கறேன். நாலு இல்லன்னு சொல்லிட்டா ‘சரிம்மா’ன்னு வெச்சிடுவே. ஒன்னுக்கு ஆமான்னுட்டா அவங்கள உடமாட்டே. எது சொன்னா உடுவாங்கன்னு எனக்குத் தெரியாதா?”

லீனாவுக்குச் சுருக்கென்று தைத்தது. நாற்பத்தோரு குடும்பத்தில் எத்தனை வீட்டில் இதே பாடத்தை இதே வேகத்தில் ஒப்பித்திருப்பார்கள் என்று அப்போதுதான் முதல்முறையாக யோசித்தாள். சான்றிதழ் கொடுக்கப்போகிற சுத்தமான பட்டியல் அவள் கண் முன்னாலேயே அழுக்காகிக்கொண்டு வந்தது.

பேச்சுச் சத்தத்தில் சுந்தர்சிங் எழுந்து வந்து அறை வாசலில் நின்றார். இரண்டாவது ஷிப்டு முடித்து வருகிறவர், பத்து மணி வரை தூங்குவார். மருமகள் கையில் இருந்த படிவத்தைப் பார்த்தார். இனி மறைக்க ஒன்றுமில்லை என்று புரிந்துகொண்டு, கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னார்.

சித்தூரில் தங்கை தேவயானி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனதும், அங்கே சளி கொடுத்ததும், தேவயானியின் விலாசத்தையும் ஞானமணியின் போன் எண்ணையும் கொடுத்ததும் உண்மை. மாத்திரையை வேனில், ஸ்டியரிங்குக்குப் பக்கத்துப் பெட்டியில் வைத்திருக்கிறார். பதினெட்டு நாளில் ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை தெரிந்தது. போன வருடம் இன்னொரு வேன் டிரைவருக்கு இதே வியாதி என்று தெரிந்த அன்றே காண்டிராக்டர் சாவியைப் பிடுங்கிக்கொண்டான், அதனால் பயந்தேன் என்றார். பிறகு மிச்சத்தையும் சொன்னார்.

“நர்சம்மா வூட்லயே டி.பி.ன்னா உன்னிய யாரும்மா மதிப்பாங்கோ? உன் ஷீட்ல என் பேரு வரக் கூடாதுன்னுதான் சித்தூரு அட்ரஸ் குடுத்தேன்.”

லீனாவுக்கு அந்த இடத்தில் அவர்மேல் ஆத்திரமும் பாசமும் சேர்ந்தே வந்தன. இரண்டையும் ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“தட்டத் தனியா வெச்சீங்க, டம்ளரத் தனியா வெச்சீங்க. பாப்பாவ மட்டும் எப்படி மாமா போர்வைக்குள்ள உட்டீங்க?”

ஞானமணி ஈரக் கையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். தட்டைப் பிரித்தால் போதும் என்று அவள் மெய்யாகவே நம்பியிருந்தாள். பாத்திரத்தை வெந்நீரில் கழுவினாள், டம்ளரைத் தனி ஆணியில் மாட்டினாள், குழந்தையைக் காப்பாற்றிவிட்டோம் என்று ராத்திரி ஜெபத்தில் நன்றிகூடச் சொன்னாள். எச்சில் தட்டில் இது ஒட்டாது, மூடிய அறையில் இருமுகிற காற்றில்தான் பரவும் என்று லீனா சொன்னபோது, பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

லீனா மறைக்காமல் சொன்னாள். மாமா பதினெட்டு நாளாக மாத்திரை சாப்பிடுவதால் இப்போது அவரிடமிருந்து பரவுவது வெகுவாகக் குறைந்திருக்கும். பயம் அதற்கு முந்தின இரண்டு மாதத்தைப் பற்றித்தான். பிரித்திகாவுக்கு இருமல் இல்லை, போன வாரம் அங்கன்வாடித் தராசில் எடை ஏறித்தான் இருந்தது. திங்கட்கிழமை எக்ஸ்ரே, டாக்டர் பார்த்ததும் தடுப்பு மாத்திரை. அவளுக்கு மட்டுமில்லை, அத்தைக்கு, தனக்கு, வார விடுமுறைக்கு வந்துபோகும் இஸ்ரேலுக்கும் எக்ஸ்ரே உண்டு. இப்படி அடுக்கிச் சொல்லச் சொல்ல அவளுடைய குரல் நிதானத்துக்கு வந்தது. கேட்டுக்கொண்டிருந்த இருவருக்கும் அதுவே பாதி மருந்து.

வீட்டுக் கதை முடிந்தது என்று சுந்தர்சிங் நினைத்தார். குளிக்கப் போகத் துண்டை எடுத்தார். வேனில் வருகிறவர்களின் பெயர்களைச் சொல்லுங்கள் என்றாள் லீனா.

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, முடியாது என்றார். அவர் அதிகம் பேசாத மனிதர். முடியாது என்றால் முடியாதுதான். இத்தனை வருடத்தில் இஸ்ரேலும் சரி, ஞானமணியும் சரி, அந்தச் சொல்லைத் தாண்டியதில்லை.

லீனா கெஞ்சவில்லை. உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் பெயரை யாரிடமும் சொல்ல மாட்டேன், அது என் வேலையின் சட்டம் என்றாள். ஆனால் அந்தப் பெண்களின் பெயர் காண்டிராக்டரிடம் இல்லை, அவனுக்குத் தலை எண்ணிக்கை மட்டும்தான் தெரியும். தொழிற்சாலைக்கு கேட்டில் அட்டை தேய்த்தவர்கள் யார் என்று தெரியும், யார் எந்த வேனில் வந்தார்கள் என்று தெரியாது. யார் எந்த ஊரிலிருந்து வந்து இந்த வேனில் ஏறுகிறாள் என்பதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் டிரைவர். திங்கட்கிழமைக்குப் பிறகு அவருக்கும் தெரியாது.

“என் வேல போச்சுன்னா?”

“போகலாம் மாமா. போகாதுன்னு நான் சொல்ல மாட்டேன்.”

சுந்தர்சிங் அவளை நிமிர்ந்து பார்த்தார். சமாதானம் சொல்வாள் என்று எதிர்பார்த்திருப்பார். அவள் போனை எடுத்தாள். சார்கிட்ட சொல்லணும் மாமா என்றாள். அவர் தலையசைத்தார். போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து லோகேஸ்வரனைக் கூப்பிட்டாள். சிங் கிடைத்துவிட்டார், அவர் என் மாமனார் என்றாள். அந்தப் பக்கம் ‘அய்யோ’ என்று ஒரு சத்தம். அவர் ஆறுதல் சொல்லத் தொடங்குமுன் இவள் அடுத்ததைச் சொல்லிவிட்டாள்.

“சார், என் ஷீட்ல நாப்பத்தோரு குடும்பம் முடிஞ்சதா காட்டுது. அதுல பன்னெண்டு வீட்டுக்குத்தான் நான் நேர்ல போனேன். மிச்சம் இருவத்தொம்பதும் போன்ல கேட்டு எழுதினது. அத செவப்பாக்கிடுங்க.”

லோகேஸ்வரன் முதலில் தெலுங்கில் கொஞ்சம் திட்டினார். புதன்கிழமை பெரிய டாக்டர் முன்னால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன் என்றார். யாருக்கும் தெரியாது, அப்படியே விடு, அடுத்த மாதம் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். லீனா அசையவில்லை. மாமாவின் வேனில் போகிறவர்களுக்காகச் சாயங்காலம் ஆறு வரை லேப் திறந்திருக்க ஒரு ஆள் வேண்டும், வாரத்துக்கு இரண்டு நாள் சர்வேயிலிருந்து விடுதலை வேண்டும், இருபத்தொன்பதையும் மூன்று வாரத்தில் நேரில் முடித்துக் காட்டுகிறேன் என்றாள். அவர் பெருமூச்சு விட்டு, சரி என்றார். மற்ற மண்டலங்களில் எத்தனை போன் என்று கேட்டால் எனக்கே பயமாக இருக்கிறதம்மா என்று தமிழிலேயே சொல்லி வைத்தார்.

லீனா திரும்பியபோது சுந்தர்சிங் அங்கே இல்லை. குளியலறையில் தண்ணீர் சத்தம் கேட்டது. பதினைந்து நிமிடத்தில் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

“நீ சொல்ல வேணாம். நானே சொல்றேன்.”

பன்னிரண்டேகாலுக்கே பெண்கள் ஷேர் ஆட்டோக்களில் வந்து இறங்கத் தொடங்கியிருந்தார்கள். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள், இருபதிலிருந்து முப்பத்தைந்துக்குள் வயது, எல்லோர் கழுத்திலும் கம்பெனி அட்டை. வேன் வந்து நின்றதும் வழக்கம்போல் ஏறப்போனார்கள். சுந்தர்சிங் இறங்கி வந்து கதவுக்கு முன்னால் நின்றுகொண்டார். பக்கத்தில் ஸ்கூட்டரோடு நர்சம்மாவையும் பார்த்ததும் பேச்சு நின்றது.

“எனுக்கு டி.பி. வந்துகீது. பதினெட்டு நாளா மாத்திர துன்னுக்கினு கீறேன். அதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் இருமிக்கினே உங்கள ஓட்டிக்கினு போனேன். தெரிஞ்ச அப்புறமும் உங்ககிட்ட சொல்லல. தப்பு என்னுது.”

ஒருத்தி துப்பட்டாவால் வாயை மூடினாள். இன்னொருத்தி போய் ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப்போய்விட்டாள். அவளை யாரும் தடுக்கவில்லை. மற்றவர்கள் போகவும் இல்லை, பக்கத்தில் வரவும் இல்லை.

முதலில் பேசியவள் கலைவாணி. பிச்சாட்டூர் ஏரிப் பக்கத்து ஊர், இரண்டு பிள்ளைகளின் தாய், தொழிற்சாலையில் பத்துப் பேரை வேலை வாங்குகிறவள். அவருடைய தண்ணீர் பாட்டிலில் எத்தனையோ முறை குடித்திருக்கிறோமே என்று லீனாவிடம் கேட்டாள். பாட்டிலைப் பற்றிக் கவலை வேண்டாம், மூடின கண்ணாடியைப் பற்றித்தான் கவலை என்று லீனா சொன்னாள். அடுத்த கேள்விதான் எல்லோர் மனதிலும் இருந்தது. கம்பெனிக்குத் தெரிந்தால் எங்களையும் நிறுத்திவிடுவார்களா?

கம்பெனிக்கு என்னிடமிருந்து ஒரு வரி போகாது என்றாள் லீனா. திங்கட்கிழமையிலிருந்து உங்களுக்குக் காலை ஷிப்டு, நாலு மணிக்குத் திரும்பி வருவீர்கள், ஆறு வரை பிச்சாட்டூர் ஆஸ்பத்திரியில் லேபைத் திறந்து வைத்துக்கொண்டு நான் காத்திருப்பேன், ஒரு நாள் சம்பளமும் யாருக்கும் போகாது. ஆஸ்பத்திரி எப்போதும் இவர்கள் வேலைக்குப் போன பிறகு திறந்து, வருவதற்குள் மூடிவிடுகிற இடம். அது தங்களுக்காகத் திறந்திருக்கும் என்று யாரும் இதுவரை சொன்னதில்லை. இறுகியிருந்த முகங்கள் கொஞ்சம் தளர்ந்தன.

கலைவாணி சுந்தர்சிங்கை மேலும் கீழும் பார்த்தாள். மன்னித்தாளா என்று தெரியவில்லை. நேராக வேனுக்குள் ஏறினாள், கடைசி சீட்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துகொண்டு வந்தாள். இரண்டு ஜன்னல்கள் இறுகிப்போயிருந்தன, செருப்பைக் கழற்றி அடித்துத் திறந்தாள்.

“ஏசி வாணாம் நைனா. இப்டியே ஓட்டு. லேட்டாவுது, எல்லாரும் ஏறுங்கடி.”

ஏறினார்கள். ஏறிய ஒவ்வொருத்தியின் பெயரையும் ஊரையும் சுந்தர்சிங் சொல்ல, லீனா பானெட்டின் மேல் நோட்டை வைத்து எழுதினாள். ஆட்டோவில் போய்விட்டவளின் பெயரையும் சொன்னார். யாருக்குக் கைக்குழந்தை, யார் வீட்டில் வயதானவர்கள் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது. லீனா இதுவரை எழுதிய நாற்பத்தோரு பட்டியலிலும் இப்படி ஒன்று இருந்ததில்லை. ரேஷன் கார்டில் கிடைக்காத பெயர்கள். பெருமையாகவே இருந்தது அவளுக்கு, அதை நான் ஏன் மறைக்க வேண்டும்.

பதினொன்று முடிந்தது. அவர் நிறுத்திவிட்டார். சாவியை எடுத்துக்கொண்டு ஏறப்போனார்.

“பவ்யா பேர உட்டுட்டியே நைனா,” என்றாள் கலைவாணி ஜன்னல் வழியாக. “உன் சீட்டுக்கு நேர் பின்னாடி உக்காருமே.”

லீனா அப்போதுதான் எண்ணிப் பார்த்தாள். கலைவாணியே சொன்னாள். பவ்யா வேலைக்கு வராமல் இரண்டு வாரம் ஆகப்போகிறது. உடம்பு சரியில்லை என்று அம்மா வீட்டுக்குப் போனவள்தான். அம்மா வீடு குப்பம் பக்கம், சாந்திபுரம், வேறு மாவட்டம். போனை அணைத்து வைத்திருக்கிறாள். வீடு எங்கே என்று இங்கே யாருக்கும் தெரியாது.

“எனுக்குத் தெரியும்,” என்றார் சுந்தர்சிங்.

லீனா அவரைப் பார்த்தாள். அவர் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“பன்னெண்டு நாளைக்கு முன்னாடி நாந்தாம்மா அந்தப் பொண்ணக் கொண்டும்போயி உட்டேன். காய்ச்சல்ல பஸ்ஸுல உக்கார முடியல அதுக்கு. அஞ்சு மணி நேரம். குளிருதுன்னு கண்ணாடிய மூடச் சொல்லிச்சு. வழியெல்லாம் இருமிக்கினே வந்துச்சு. அது இன்னா இருமல்னு எனுக்குத் தெரியும். டெஸ்ட் பண்ணிக்கோன்னு ஒரு வார்த்த சொல்லல நான்.”

அவர் கண் நிறைந்துவிட்டது. லீனாவுக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. ஆனாலும் அவள் குனிந்து பன்னிரண்டாவது பெயரை எழுதினாள். பவ்யா, சாந்திபுரம்.

எழுதி முடிப்பதற்குள் லோகேஸ்வரனிடமிருந்து செய்தி வந்தது. வேன் பட்டியலில் வெளி மாவட்டத்துப் பெயர் ஏதாவது இருந்தால் அந்த மாவட்டத்துக்கு மாற்றி அனுப்பிவிடு, நம் எல்லையில் இல்லாததை நாம் தொட வேண்டாம் என்றிருந்தது. மாற்றி அனுப்பினால் அந்தப் பெயர் எத்தனை கை மாறி, எத்தனை நாள் கழித்து, எவளுடைய போனுக்குப் போய்ச் சேரும் என்பது லீனாவைவிட யாருக்கு நன்றாகத் தெரியும். போனைப் பைக்குள் போட்டாள்.

“எந்தத் தெரு மாமா?”

“தெருப் பேரு தெரியாது. கூட போனா காட்டுவேன்.”

“அப்ப ஷிப்டு முடிச்சு வந்து தூங்குங்க. காலைல அஞ்சு மணிக்குக் கெளம்பறோம்.”

நாளை ஞாயிற்றுக்கிழமை. சுந்தர்சிங் ஆராதனைக்குப் போகாத ஞாயிறு என்று ஒன்று இந்தக் குடும்பத்தின் நினைவிலேயே இல்லை. அவர் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“என்னியப் பாத்தா அந்தப் பொண்ணு கதவத் தொறக்குமா லீனா?”

“தெரியல மாமா,” என்றாள் அவள். “போய் நிப்போம்.”